அண்ணனின் புதுநன்மை

நம் வயதுக்காரர்களுக்கு இது மறந்திருக்காது. பூசையில் தருகிற நற்கருணை அப்பம் பல்லில் படக் கூடாது என்று நமக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். கடித்தால் இரத்தம் வருமாம். யாரோ ஒரு பெண் கடித்துவிட்டாளாம், வெள்ளைக் கவுன் முழுக்கச் சிவப்பாகிவிட்டதாம். எந்த ஊர்ப் பெண், யார் பார்த்தார்கள் என்று கேட்கிற தைரியம் நம்மில் ஒருவருக்கும் இருந்ததில்லை. இப்போது பிள்ளைகள் கையை நீட்டி வாங்கி, மென்றுகொண்டே பெஞ்சுக்குத் திரும்புகிறார்கள். நானோ இந்த வயதிலும் அதை மேலண்ணத்தில் ஒட்டவைத்துக்கொண்டு, பல்லை இறுக்காமல், வாயை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் மருமகள் ஒருமுறை பல்வலியா என்று கேட்டாள்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடிக்குப் பயம், நாய்க்குப் பயம், தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணியின் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குப் பயம். ஆனால் நான் புதுநன்மை வாங்கிய ஆண்டில் பட்ட பயத்தைப் போல அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை. முதன்முதலாக நற்கருணை வாங்குவதைத்தான் நாம் புதுநன்மை என்போம், இளையவர்கள் யாராவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும். அந்தப் பயம் எனக்காக அல்ல, என் அண்ணனுக்காக.

செமிலிங் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். இப்போது அங்கே வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. நான் குருண் டவுனில் மகன் வீட்டில் இருக்கிறேன். அந்தப் பக்கம் காரில் போகும்போது கோயில் இருந்த இடம் எது என்று என்னால் சரியாகக் காட்ட முடியவில்லை. பலகைச் சுவர், தகரக் கூரை, மெழுகு தேய்த்த சிவப்புச் சிமெண்டுத் தரை. பக்கத்திலேயே ரப்பர் ஷீட்டுகளைக் காயவைக்கிற புகைவீடு. சாம்பிராணியும் ரப்பர் புகையும் ஒன்றாகத்தான் மூக்கில் ஏறும். டவுனில் ஒரு பெரிய கோயிலுக்கு முதன்முதலாகப் போனபோது, இங்கே புகை வாசம் இல்லையே, ஆண்டவர் இருப்பாரா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

மாதத்தில் ஒரு ஞாயிறு டவுனிலிருந்து சாமியார் தம் பழைய காரில் பூசை வைக்க வருவார். வெள்ளைக்காரர், வயதானவர், இரண்டு முழங்காலிலும் வாதம். தமிழைப் புத்தகத்தில் படித்தவர் என்பதால் 'நீர் வாரும்', 'நீர் உட்காரும்' என்றுதான் பேசுவார். அவர் போன பிறகு, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள் எல்லாம் அடுத்த பூசை வரைக்கும் ஒருவரையொருவர் 'நீர்' என்றுதான் கூப்பிடுவோம். அவர் இல்லாத ஞாயிறுகளில் உபதேசியார் ஜெபம் சொல்வார். உபதேசியாருக்கு ஸ்டோரில் ரப்பர் பால் நிறுக்கிற வேலை. சனிக்கிழமை பிற்பகலில் எங்களுக்கு ஞானோபதேசம் நடத்துவார். அவர் கேள்வி கேட்டால் பதில் ஓர் எழுத்துப் பிசகாமல் வரவேண்டும். வராவிட்டால் அடிக்க மாட்டார், பெருமூச்சு விடுவார். அடித்திருந்தால் தேவலை.

அண்ணன் எனக்குப் பல வயது மூத்தவன். அந்த ஆண்டில் அவனுக்கு மீசை அரும்பத் தொடங்கியிருந்தது. பிறந்தபோது அழவில்லை, நீலம் பாரித்துக் கிடந்தான் என்று அம்மா சொல்வாள். அவனுக்கு வந்த சொற்கள் கொஞ்சம்தான். 'பாப்பா' என்றால் நான். 'வேணாம்', 'இன்னும்' இரண்டும் சாப்பாட்டுக்கு. 'ஆமென்' எல்லாவற்றுக்கும். நாய் குரைத்தாலும் ஆமென், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு மணி அடித்தாலும் ஆமென். அவனை நல்ல பிள்ளை, சாது என்று லயத்தில் எல்லோரும் சொல்வார்கள். அவனோடு ஒரே பாயில் படுத்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். நன்றாகக் கிள்ளுவான். என் செருப்பில் ஒன்றை மட்டும் எடுத்து ஒளித்து வைப்பான். பிடிக்காதது வாயில் பட்டால் துப்பிவிடுவான், எதிரில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கவே மாட்டான்.

அந்தத் துப்பல்தான் எங்கள் வீட்டின் பெரிய சூசா, பெரிய தொல்லை. ஒரு கிறிஸ்துமஸுக்குத் தோட்டத்தில் எல்லோருக்கும் ஆரஞ்சுத் தண்ணீர் கொடுத்தார்கள். கிராணி தம் கையாலேயே அண்ணனுக்கு ஒரு கிளாஸ் நீட்டினார். அது புளித்திருந்ததோ என்னவோ, அத்தனையும் கிராணியின் வெள்ளைக் கால்சட்டை மேல். அப்பா குனிந்து தம் துண்டால் அந்தக் கால்சட்டையைத் துடைத்தார். கிராணி மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். மறுவாரம் அப்பாவுக்கு மலையடிவாரத்தில் பட்டை வெட்டி வெட்டி முடிந்துபோன, பால் சுரக்காத மரங்களாக உள்ள நிரை கொடுக்கப்பட்டது. அன்றிலிருந்து அப்பா வெளியே போனால் அண்ணனுக்கு நாலு அடி முன்னால்தான் நடப்பார்.

நான் ஞானோபதேசத்துக்குப் போகத் தொடங்கிய வாரமே அம்மா சொல்லிவிட்டாள்.

"இவளோட சேத்து பெரியவனுக்கும் புதுநன்மை குடுக்கச் சொல்லப் போறேன்."

அப்பா சோற்றில் கையை வைத்தபடியே நிமிர்ந்தார். "ஒனக்கென்ன பைத்தியமா? கிராணி மேல துப்புனான், மலைக்காட்டுல போட்டாங்க. சாமி மேல துப்புனா எங்க போடுவாங்க?"

எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். நரகத்தில் போடுவார்கள். உபதேசியார் போன சனிக்கிழமைதான் சொல்லிக் கொடுத்திருந்தார். நற்கருணையைத் தகாத விதமாக வாங்குகிறவனுக்கு என்ன ஆகும், தரையில் விழுந்தால் எவ்வளவு பெரிய பாவம் என்றெல்லாம். அண்ணன் நெருப்பில் நின்றுகொண்டு 'வேணாம், வேணாம்' என்று கத்துவதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

உபதேசியார் முடியாது என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

"தங்கச்சி, வீம்புக்குச் சொல்லல. அது அப்பம் இல்ல, ஆண்டவரு அப்டீங்கிற விவரம் தெரியணும். அது தெரியாம குடுத்தா நாளைக்கு நான்லா பதில் சொல்லணும்."

"அப்ப நான் சாமியாருகிட்டயே கேக்குறேன் அண்ணே."

"கேளு. அவரும் இதத்தான் சொல்லுவாரு."

அடுத்த பூசை முடிந்ததும் அம்மா ஒரு கையில் அண்ணனையும் மறு கையில் என்னையும் பிடித்துக்கொண்டு கோயிலின் பின்பக்கம் போனாள். அங்கே வெளியே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சாமியார் காப்பி குடிப்பார். அப்பா வரவில்லை, காரின் பக்கத்தில் நின்று சக்கரத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சர்வேசுரனுக்குத் தோத்திரம் சாமி" என்று தொடங்கிய அம்மா, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். சாமியார் அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். அண்ணன் "ஆமென்" என்றான்.

"அம்மா, உம்முடைய மகன் சம்மனசைப் போன்றவன்" என்றார் சாமியார். தேவதூதனைத்தான் சம்மனசு என்போம். "பாவம் செய்ய அறியாதவன். நற்கருணை நமக்கு மருந்து. நோயில்லாதவனுக்கு மருந்து எதற்கு? அவன் இப்படியே நேராக மோட்சத்துக்குப் போவான். நீர் கவலைப்பட வேண்டாம்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. சாமியாரே சொல்லிவிட்டார், அண்ணனுக்கு நரகம் கிடையாது. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன், போகலாம் என்று. அம்மா நகரவில்லை.

"அன்னைக்குப் பூசையில அத சாப்பாடுன்னுதான சொன்னீங்க சாமி? இன்னைக்கு மருந்துங்கிறீங்க."

சாமியார் காப்பியைக் கீழே வைத்தார்.

"இவனுக்கு ஞானஸ்நானம் குடுத்தீங்கல்ல, அப்ப இவனுக்கு என்னா தெரியும்? தண்ணி ஊத்துனப்ப தூங்கிட்டு இருந்தான். இந்தா இவ" என்று என் தலையில் கையை வைத்தாள், "எல்லாத்தையும் ஒப்பிக்கிறா. தெரிஞ்சா ஒப்பிக்கிறா? உபதேசியாரு மூஞ்சியப் பாத்து பயந்து ஒப்பிக்கிறா."

எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அது உண்மை என்பதால் இன்னும் மோசம்.

"சம்மனசு சம்மனசுன்னு எல்லாரும் சொல்றாங்க சாமி. லயத்துல சொல்றாங்க, நீங்களும் சொல்றீங்க. சம்மனசுக்குப் பசிக்காது. எம் மவனுக்கு வேளா வேளைக்குப் பசிக்குது. நாங்க எல்லாரும் எந்திரிச்சு வாங்கப் போறோம். இவன் மட்டும் பெஞ்சுல ஒக்காந்து எங்க வாயப் பாத்துக்கிட்டு இருக்கான். ஒரு பந்தியில இப்டி ஒரு புள்ளைய மட்டும் ஒக்கார வச்சுட்டு நாம சாப்புடுவமா சாமி?"

அம்மா அழவில்லை. நான்தான் அழுதேன், அம்மா சாமியாரிடம் சண்டை போடுகிறாள் என்று. அவர் அண்ணனின் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அண்ணன் அலுத்துப்போய் அவரைக் கிள்ளினான். சாமியார் கையை உதறிக்கொண்டார். பிறகு, "இரண்டு மாதம் கழித்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது அவனைக் கடைசியாக அழைத்து வாரும். விழுங்கப் பழக்கும்" என்றார். அவர் முகத்தில் தெளிவு இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அவரும் பயந்துகொண்டுதான் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது.

விழுங்கப் பழக்குவது எப்படி? எங்கள் யாருக்கும் தெரியாது. இப்போது எங்கள் கோயிலில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தனியாக வகுப்பு நடக்கிறது. படம் காட்டுகிறார்கள், பாட்டுப் பாடுகிறார்கள், எழுந்தேற்றம் செய்யாத, அதாவது பூசையில் ஆண்டவரின் உடலாக ஆக்கப்படாத, வெறும் அப்பத்தைக் கொடுத்து மாதக்கணக்காகப் பழக்குகிறார்கள். இரண்டு வாலிபப் பெண்கள் அதற்கென்றே படித்துவிட்டு வந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது, கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது. எங்கள் அம்மாவுக்கு அவளுடைய மூளை மட்டும்தான் இருந்தது.

அந்த மூளை சீனர் கடைக்குப் போனது. செமிலிங் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த தவுக்கேயின் மனைவி, சீனப் புத்தாண்டு சமயத்தில் கரியடுப்பில் இரும்பு அச்சை வைத்து குவே காப்பிட் சுடுவாள். அப்பளத்தை விட மெல்லிய பிஸ்கட், தேங்காய்ப்பாலும் முட்டையும் சீனியும் சேர்த்துச் சுட்டது, நாக்கில் வைத்தால் கரையும். மடிப்பதற்கு முன்னால் வட்டமாக இருக்கும். அம்மா அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டாள். நற்கருணையும் வட்டம், மெல்லிசு, கரைவது. இதை விட வேறென்ன வேண்டும்? மடிக்காமல் வட்டமாகவே ஒரு தகர டின் நிறையக் கேட்டு வாங்கினாள். தவுக்கேயின் மனைவி, "பாகுஸ், மானிஸ்" என்று சொல்லி, உடைந்ததில் ஒன்றை அண்ணன் வாயில் வைத்தாள். நல்லது, இனிப்பு என்கிறாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு தின்றான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் மாலையில் பயிற்சி. அம்மா அந்த பிஸ்கட்டைச் சின்ன வட்டமாகக் கிள்ளி எடுப்பாள். நான் அண்ணனுக்குப் பக்கத்தில் முழங்காலில் நிற்பேன். அம்மா, "கிறிஸ்துவின் திருவுடல்" என்பாள். நான் "ஆமென்" சொல்லி நாக்கை நீட்டுவேன். பிறகு அண்ணன். அவனுடைய ஆமெனுக்குப் பக்கத்து வீட்டுக் கோழிகள் சிதறி ஓடும். நாக்கை நீட்டுவான், வாங்குவான், கரையவிட்டு விழுங்குவான், வாயைத் திறந்து காட்டுவான், "இன்னும்" என்பான். ஒருநாள்கூடத் துப்பவில்லை. ஒருநாள் அப்பாவே அரிக்கேன் விளக்கைத் துடைத்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்து, "பரவால்லலா, ஒழுங்காத்தான் வாங்குறான்" என்றார். அம்மா முகத்தில் அப்படி ஒரு பெருமை. நானும் நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்தேன்.

பூசைக்கு முந்தின சனிக்கிழமை உபதேசியார் எங்களுக்குக் கோயிலில் ஒத்திகை வைத்தார். அண்ணனைக் கூட்டிவர வேண்டாம் என்று சொல்லிவிட்டார், மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று. ஒரு மைலோ டின்னில் எழுந்தேற்றம் செய்யாத வெறும் அப்பங்களைக் கொண்டுவந்திருந்தார். வரிசையாக நின்றோம், அவர் ஒவ்வொருவர் நாக்கிலும் வைத்துக்கொண்டே வந்தார்.

என் நாக்கில் அது பட்டது. நான் இனிப்புக்காகக் காத்திருந்தேன். இனிப்பு வரவில்லை. எந்த ருசியும் வரவில்லை. காகிதத்தை வாயில் போட்ட மாதிரி இருந்தது, மாவு மாதிரி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உபதேசியாரிடம் கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

அங்கிருந்து வீட்டுக்கு ஓடினேன். அம்மா வாசலில் உட்கார்ந்து தஞ்சோங் டாவாயிலிருந்து வந்த மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, அது இனிக்கலம்மா."

"எது?"

"நன்மை. அது இனிக்கவே இல்ல. அண்ணன் துப்பிருவான்."

அம்மாவின் கை மீன் மேலேயே நின்றுவிட்டது. வருஷக்கணக்கில் மாதாமாதம் நற்கருணை வாங்கியவள் அவள். அதற்கு ருசி இல்லை என்பது அவளுக்குத் தெரியாததா? அதை அவள் ஒரு தின்பண்டமாக ஒருநாளும் நினைத்ததில்லை, அதனால் ருசியையும் நினைக்கவில்லை. வட்டத்தை நினைத்தாள், மெல்லிசை நினைத்தாள். மகன் நாக்கை மறந்துவிட்டாள்.

உடனே கையைக் கழுவிக்கொண்டு உபதேசியார் வீட்டுக்குப் போய், அந்த வெறும் அப்பத்தில் நாலைந்து கேட்டாள். அவர் தரவில்லை. "அது வெளயாட்டுச் சாமான் இல்ல தங்கச்சி" என்றார். வீட்டுக்கு வந்து கிரீம் கிராக்கர் பிஸ்கட்டைச் சுரண்டி மெல்லிசாக்கிக் கொடுத்துப் பார்த்தாள். அண்ணன் அம்மா முகத்திலேயே துப்பிவிட்டு, தகர டின்னைக் காட்டி "இன்னும்" என்றான். மறுபடி கொடுத்தாள், மறுபடி துப்பினான். சீனி தொடாமல் தோசையைத் துண்டாக்கிக் கொடுத்தாள். அதையும் துப்பினான். அவன் ஏமாற்றப்பட்டவன் போல எங்களை மாறி மாறிப் பார்த்தான், எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"விட்டுரு" என்றார் அப்பா. "அவன விட்டுரு. என்னையும் விட்டுரு. எல்லாரும் பாக்குற எடத்துல இன்னொருவாட்டி என்னால குனிய முடியாது."

"நீங்க குனிய வேணாம்" என்றாள் அம்மா. "நான் குனியிறேன்."

மறுநாள் காலையில் கொட்டுகிற மழை பெய்யவேண்டும், சாமியாரின் கார் மண்பாதையில் சிக்கிக்கொள்ள வேண்டும் என்று குளிக்கும்போது வேண்டிக்கொண்டேன். வெயில் பளிச்சென்று அடித்தது. எனக்கு வெள்ளைக் கவுன், தலையில் வலைத்துணி முக்காடு. அண்ணனுக்கு அப்பாவின் கல்யாணச் சட்டை, கழுத்துப் பொத்தான் போடாமல் வர மாட்டேன் என்று அடம்பிடித்துப் போட்டுக்கொண்டான். அப்பா கோயிலுக்கு வந்தார், ஆனால் கதவோரமாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பூசையில் என்ன வாசித்தார்கள், சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார், எதுவும் என் காதில் விழவில்லை.

வரிசையில் நான் அண்ணனுக்கு முன்னால். சாமியார் வந்தார், அவர் பக்கத்தில் உபதேசியார் பித்தளைத் தட்டை எங்கள் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டே வந்தார். நான் ஆமென் சொன்னேனா என்றுகூடத் தெரியாது. வாயில் வந்ததை அப்படியே விழுங்கிவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினேன். அப்படித் திரும்பக் கூடாது, கண்ணை மூடிக் கும்பிட வேண்டும்.

"கிறிஸ்துவின் திருவுடல்."

"ஆமென்!" தகரக் கூரை அதிர்ந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். அண்ணன் நாக்கை அழகாக நீட்டினான். சாமியார் வைத்தார். அண்ணன் வாயை மூடினான். அவன் கண்ணை மூடிக்கொண்டான், இனிப்புக்காக.

பிறகு கண்ணைத் திறந்தான். முகம் கோணியது. நான், "அண்ணே, வேணாம், அண்ணே" என்றேன். உபதேசியார் தட்டை நீட்டினார். அண்ணன் தட்டைத் தாண்டித் துப்பினான்.

சிவப்புத் தரையில் அது வெள்ளையாகக் கிடந்தது. எச்சிலோடு, பாதி கரைந்து. புகைவீட்டுக்குள் விறகு வெடிக்கிற சத்தம் கேட்டது. அம்மா எழுந்து நின்றுவிட்டாள். கடைசி பெஞ்சிலிருந்து அப்பா வேகமாக வந்தார், அண்ணனைத் தரதரவென்று வெளியே இழுத்துப் போகத்தான் வந்தார், அவர் முகத்திலேயே தெரிந்தது.

சாமியார் அப்பாவைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "நில்லும்" என்றார்.

கையிலிருந்த பாத்திரத்தைப் பீடத்தில் வைத்துவிட்டு வந்து, எங்களுக்கு முன்னாலிருந்த கிராதித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். முழங்கால் மடங்கவில்லை. ஒரு காலை நீட்டி, இன்னொரு காலைத் தரையில் போட்டு, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு மண்டியிட்டார். அந்த எச்சில்பட்டதை இரண்டு விரலால் எடுத்தார். அதைத் துணியில் வைத்து மூடுவார், எங்கேயோ கொண்டுபோய்க் கரைப்பார் என்று நான் நினைத்தேன். அவர் அதைத் தம் வாயில் போட்டு விழுங்கினார்.

பிறகு ஈரத்துணி கேட்டு வாங்கித் தரையைத் துடைத்தார். எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. அண்ணனை இழுத்துப் போக வந்த அப்பாதான் அவர் கைக்கடியில் தம் தோளைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். அண்ணன் நடந்ததையெல்லாம் அருகிலிருந்து பார்த்துவிட்டு, நிதானமாக "ஆமென்" என்றான்.

பூசை முடிந்ததும் அப்பா நேரே சாமியாரிடம் போனார். பின்னாலேயே நாங்கள். "மன்னிச்சுக்குங்க சாமி. அவன் எச்சி... நீங்க போயி..." என்றார்.

சாமியார் அம்மாவைப் பார்த்தார். "அம்மா, நான் உமக்குச் சொன்னது தவறு. உம்முடைய மகன் சம்மனசு அல்லன். சம்மனசு துப்பாது" என்றார். பிறகு, "அடுத்த மாதமும் அழைத்து வாரும்" என்றார்.

அம்மா அப்போதுதான் அழுதாள். அப்பா அண்ணனின் சட்டைக் கழுத்தில் வழிந்திருந்த எச்சிலைத் தம் துண்டால் துடைத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நாங்கள் நாலு பேரும் சேர்ந்து லயத்துக்கு நடந்தோம், யாரும் முன்னால் போகவில்லை.

இதைச் சொல்லும்போது கேட்பவர்கள், அடுத்த மாதம் அவன் விழுங்கியிருப்பானே என்பார்கள். இல்லை. அடுத்த மாதமும் துப்பினான். சாமியார் அடுத்த மாதமும் குனிந்தார். வீட்டுக்குத் திரும்புகிற வழியில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள், ஒரு குடும்பம் உபதேசியாரிடம் போய்ப் புகார் சொன்னது. உபதேசியார் அவர்களுக்கு என்ன சொன்னார் என்று தெரியாது. ஆனால் அந்தச் சனிக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, வெறும் அப்பங்கள் கொஞ்சத்தை ஒரு தாளில் மடித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, காப்பி குடிக்காமல் போனார். அதற்கடுத்த மாதம் தட்டைத் தாடைக்குக் கீழே பிடிக்காமல் நெஞ்சுக்கு நேரே தள்ளிப் பிடித்தார். அண்ணன் துப்பியது தட்டில் விழுந்தது, சாமியாரின் முழங்கால் தப்பித்தது.

அதற்குப் பிறகு வந்த ஒரு பூசை. மழைக்காலம். கூரையில் மழை அடித்த சத்தத்தில் சாமியார் சொல்வது பாதி கேட்கவில்லை. அண்ணன் எப்போதும் போல எனக்குப் பின்னால் நின்றான், என் முதுகில் ஒருமுறை கிள்ளினான். நான் என் பங்கை வாங்கிக்கொண்டு பெஞ்சுக்கு வந்து முழங்காலில் நின்றேன். கண்ணை மூடினேன். பின்னால் அவனுடைய ஆமென் கேட்டது. துப்பினானா, விழுங்கினானா என்று அன்றைக்கு நான் பயந்து திரும்பிப் பார்க்கவில்லை. என் வாயில் இருந்தது மெல்லக் கரைந்தது. அதற்கு ஒரு ருசி இருந்தது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.